கால் முதலில் கழலட்டும்: டெல்டாச் சாலைக்குக் கிளிப்லெஸ் பெடல்

சைக்கிளில் கிளிப்லெஸ் பெடல், அதாவது ஷூவைக் கவ்விப் பிடிக்கும் பெடல், மாட்டப் போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும், வேகம் எவ்வளவு கூடும் என்ற பேச்சை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். ஓட்டப்போகிற சாலையில் எத்தனை இடத்தில் கால் ஊன்ற வேண்டிவரும் என்பதைத்தான் முதலில் கேட்பேன். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போய்ப் பாருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றைத் தாண்ட வேண்டும். பாலத்து வாயில் பஸ் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டியது நாம்தான். நடுவில் ஆட்டு மந்தை வரும், வயலிலிருந்து அறுவடை இயந்திரம் சாலையில் ஏறும், பள்ளிக்கூடம் விடும். இப்படிப்பட்ட சாலையில் கால் பெடலோடு ஒட்டிக்கொள்வது பெரிய காரியமில்லை. நினைத்த நொடியில் கழன்று தரைக்கு வர வேண்டும். பெடல் தேர்வு, கிளீட் பொருத்துவது, ஸ்பிரிங் திருகுவது, பழகுவது எல்லாவற்றையும் அந்த ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். ஷூவின் அடியில் கிளீட் என்ற சின்னத் துண்டு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். பெடலில் ஸ்பிரிங் வைத்த கவ்வி இருக்கும். முன்முனையை நுழைத்து மிதித்தால் ‘டக்’ என்று கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். 1984-இல் இதைப் பரவலாக்கிய பிரான்சின் லுக் நிறுவனம் அதற்கு முன்பு பனிச்சறுக்குக்கான கால்கவ்விகளைச் செய்துவந்தது. சறுக்குகிறவர் விழும்போது பலகை காலை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அதே யோசனைதான் சைக்கிளுக்கு வந்தது. மறுவருஷமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார். 1990-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் தன் எஸ்.பி.டி. பெடலைக் கொண்டுவந்தது. நம் தேவைக்கு அதுதான் பொருந்தும்.

நம் ஊரில் இதனால் என்ன லாபம்? மேடே இல்லாத பூமி இது, பாலத்து ஏற்றம்தான் ஏற்றம். காலை மேலே இழுத்து ஓட்டுவதில் கிடைக்கும் பலம் இங்கே பெரிதாகப் பயன்படாது. ஆனால் நாகப்பட்டினம் பக்கம் கடல்காற்றை எதிர்த்து இரண்டு மணி நேரம் மிதிக்கும்போது பாதம் ஒரே இடத்தில் நிற்பது பெரிய சுகம். மழையில் பெடல் வழுக்காது, குண்டும் குழியுமான சாலையில் கால் எகிறாது. இவ்வளவுக்கும் லேசான பிடியே போதும். பந்தயத்தில் எழுந்து நின்று மிதிப்பவருக்குத்தான் இறுக்கமான ஸ்பிரிங் வேண்டும். நமக்கு அது எந்த நாளும் தேவைப்படாது.

கும்பகோணத்துக் கடைத்தெருவுக்குள்ளேயே சுற்றிவிட்டு வருபவர் என்றால் இந்தப் பெடலே வேண்டாம் என்பேன். அகலமான, முள் வைத்த சாதாரணப் பெடல் நன்றாகவே இருக்கும். முழங்காலிலோ இடுப்பிலோ அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாட்டக்கூடாது. குதிகாலைத் திருப்புகிற வேலை முழங்காலிலும் இடுப்பிலும்தான் போய்ச் சேரும்.

எந்தப் பெடல்

கடையில் இரண்டு குடும்பம் பார்ப்பீர்கள். மூன்று போல்ட்டில் பூட்டும் பெரிய பிளாஸ்டிக் கிளீட் ஒன்று, அது பந்தய சைக்கிளுக்கானது. இரண்டு போல்ட்டில் பூட்டும் சின்ன இரும்புக் கிளீட் இன்னொன்று, அது மலைப்பாதை சைக்கிளுக்கு வந்தது, எஸ்.பி.டி. என்பது இதுதான். டெல்டாவில் புதிதாகத் தொடங்குபவர் ரோடு பைக் வைத்திருந்தாலும் இரண்டாவதையே வாங்குங்கள். ரோடு பைக்குக்கு ரோடு பெடல்தான் அழகு என்று யாராவது சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

காரணம் கேட்டால், பிளாஸ்டிக் கிளீட் ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். டீக்கடை வாசலில் நான்கு எட்டு வைத்தாலே தேயும், வழவழப்பான கல்தரையில் வழுக்கும். அந்தப் பெடலில் ஒரு பக்கம் மட்டுமே கவ்வி உண்டு. நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் குனிந்து தேட வேண்டியிருக்கும். இரண்டு போல்ட் கிளீட்டோ ஷூவின் ரப்பருக்குள் குழிந்து உட்கார்ந்திருக்கும். நடக்கலாம், வாய்க்கால் கரையில் இறங்கலாம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சேற்றையும் கடக்கலாம்.

எஸ்.பி.டி.யில் மூன்று வகையைச் சொல்கிறேன். ஷிமானோவின் எம்520 இரண்டு பக்கமும் கவ்வி உள்ளது. உறுதியானது, இந்தக் குடும்பத்தில் விலை குறைவானவற்றில் ஒன்று. ஈ.எச்.500 ஒரு பக்கம் கவ்வி, மறுபக்கம் தட்டையான மேடை. தொடங்குபவருக்கு என் மனம் இதன்மேல்தான். ஊருக்குள் தட்டைப் பக்கத்தில் செருப்புக்காலோடுகூட ஓட்டலாம், ஊரைத் தாண்டியதும் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று கிளம்பும்போது ஒரு தரம் கீழே பார்க்க வேண்டியிருக்கும், அந்தச் சிறு தொல்லை உண்டு. மூன்றாவது, கிளிக்ஆர் என்ற வரிசை. நுழைவதும் கழல்வதும் மற்றவற்றைவிட லேசாக இருக்கும்படி புதியவர்களுக்காகவே செய்தது. பயம் அதிகம் உள்ளவர், வயதில் மூத்தவர், கால் வலு குறைந்தவர் இதைத் தேடிப் பிடித்தாவது வாங்கலாம்.

கிராங்க் பிரதர்ஸ் என்ற நிறுவனத்தின் பெடல் சேற்றில் மிக நன்றாக வேலை செய்யும், கவ்வி திறந்த கம்பியாக இருப்பதால் மண் தங்காது. ஆனால் அதில் ஸ்பிரிங்கை இளக்கும் திருகே கிடையாது. கிளீட்டை இடம் வலம் மாற்றி மாட்டினால் கழலும் கோணம் 15 டிகிரியா 20 டிகிரியா என்று மாறும், அவ்வளவுதான். டைம் நிறுவனத்தின் மலைப்பாதைப் பெடலிலும் அதேபோல 13, 17 என்று மாற்றலாம். அவற்றை வாங்கினால் பெட்டியில் வரும் தாளைப் பார்த்துச் சின்னக் கோணம் வரும்படி மாட்டிக்கொள்ளுங்கள்.

பெடலைவிடக் கிளீட் முக்கியம்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிமானோ எஸ்.பி.டி.க்கு முக்கியமாக இரண்டு வகைக் கிளீட் கிடைக்கிறது. எஸ்.எச்.51 கறுப்பு நிறம். குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே கழலும். எஸ்.எச்.56 வெள்ளி நிறம். பக்கவாட்டில் திருப்பினாலும் கழலும், குதிகாலைச் சாய்வாக மேலே இழுத்தாலும் கழலும்.

இது ஏன் முக்கியம் என்றால், நாய் குறுக்கே ஓடிவரும்போது எந்த மனிதனும் ‘குதிகாலை வெளியே திருப்ப வேண்டும்’ என்று யோசிப்பதில்லை. காலை வெடுக்கென்று மேலே இழுக்கத்தான் செய்வான். பிறந்தது முதல் பெடலிலிருந்து அப்படித்தான் காலை எடுத்திருக்கிறோம். 51-இல் அந்த இழுப்புக்குப் பெடல் மசியாது, சைக்கிளோடு சாய்வோம். 56-இல் அந்தக் குழப்பமான இழுப்பே பெரும்பாலும் காலை விடுவித்துவிடும். எம்520 பெட்டியில் கூட வருவது 51 என்பதால் 56-ஐத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். ஈ.எச்.500 பெட்டியிலேயே 56 வரும். எதுவானாலும் நிறத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

56-இல் ஒரு குறை உண்டு. வேகத்தடையில் எழுந்து நின்று காலை மேல்நோக்கி இழுத்தால் தானாகக் கழன்றுவிடக்கூடும். வேகத்தடையில் பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க, பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தி நின்றால் அந்தச் சிக்கல் வராது.

இன்னொன்று: வேறு நிறுவனப் பெடலோடு வரும் கிளீட் பார்ப்பதற்கு எஸ்.பி.டி. மாதிரியே இருக்கும். ஷிமானோ பெடலில் அது நுழையவும் செய்யலாம். கழலும்போதுதான் அடம்பிடிக்கும். பெடல் எந்த நிறுவனமோ கிளீட்டும் அதே நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷூ

அடியில் இரண்டு நீளத் துளைவரிசை உள்ள ஷூவாக இருக்க வேண்டும். சாயங்காலம், கால் கொஞ்சம் உப்பியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். குதிகால் தளர்வாக இருந்தால் நீங்கள் திருப்புவது ஷூவுக்குள்ளேயே வீணாகும், பெடல் வரை போகாது. விரல் நுனியில் சற்று இடம், குதிகாலில் நல்ல பிடி. நாடா வைத்த ஷூ என்றால் முடிச்சை உள்ளே செருகிக்கொள்ளுங்கள், வலது பக்கம் சங்கிலியில் சுற்றும். நான் வெல்க்ரோ பட்டை வைத்ததையே சொல்வேன். தாராசுரத்தில் கோயில் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்வர அதுதான் தோது.

கிளீட் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் கட்டைகளைக் கவனியுங்கள். சில ஷூவில் அவை உயரமாக இருந்து பெடலின் உடம்பில் உரசும். ஸ்பிரிங்கை எவ்வளவு இளக்கினாலும் கால் திரும்பாது, ஏன் என்றும் புரியாது. பெடலில் மாட்டிப் பார்த்து, எங்கே உரசுகிறதோ அங்கே கூர்மையான கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிவிடலாம்.

பெடலை மாட்டுவது

15 மி.மீ. ஸ்பேனர், அல்லது கிராங்கின் (பெடலைத் தாங்கும் கை) உள்பக்கத்திலிருந்து 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி). எம்520 போன்றவற்றில் ஸ்பேனர் பிடிக்க இடமே இருக்காது, ஆலன் கீ ஒன்றுதான் வழி. இடது பெடலுக்கு மரை தலைகீழ். குழம்பாமல் இருக்க ஒரு வழி: சாவியின் நுனியை மேலே நிறுத்திப் பிடியுங்கள். அது முன்சக்கரம் பக்கம் போனால் இரண்டு பெடலும் இறுகும், பின்சக்கரம் பக்கம் போனால் இரண்டும் கழலும். மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டக்கூடாது. வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடிக்காரர்கள் தாராளமாகத் தடவுங்கள். உப்புக்காற்றில் இரும்பு மரை அலுமினியக் கிராங்கோடு பிடித்துக்கொண்டால் பிறகு கிராங்கையே மாற்ற நேரும். முதல் இரண்டு மூன்று சுற்றைக் கையாலேயே திருகுங்கள். முரண்டு பிடித்தால் சாவியை எடுக்காதீர்கள், நிறுத்திப் பாருங்கள்.

கிளீட்டை வைக்கும் இடமும் கோணமும்

ஷூவைப் போட்டுக்கொண்டு பெருவிரலுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். ஷூவின் உள்விளிம்பில் அந்த இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள எலும்புக்கும் அதேபோல வெளிவிளிம்பில் ஒரு கோடு. பெடலின் அச்சு இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் வரும்படி கிளீட்டை வையுங்கள். அதைவிடச் சில மில்லிமீட்டர் பின்னால் போனாலும் நல்லதுதான், கெண்டைக்காலுக்கு வேலை குறையும். முன்னால் மட்டும் தள்ள வேண்டாம்.

அடுத்தது கோணம். எளிதாகக் கழல்வதன் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். எஸ்.பி.டி. கிளீட் கவ்வியில் இருக்கும்போதே பாதம் சுமார் 4 டிகிரி அசையும். அந்த அசைவைத் தாண்டி இன்னும் கொஞ்சம் திருப்பினால்தான் கழலும். உங்கள் பாதம் அந்த அசைவுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, கழற்றத் திருப்ப வேண்டிய தூரம் கூடும் அல்லது குறையும்.

உயரமான மேஜையிலோ கட்டைச்சுவரிலோ உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக் கீழே பாருங்கள். பாதம் நேராகத் தொங்குகிறதா, விரல்நுனி வெளிப்பக்கம் பார்க்கிறதா? நம்மில் பலருக்கு வெளிப்பக்கம்தான் பார்க்கும். அப்படிப்பட்டவர் கிளீட்டை ஷூவின் நீளத்துக்கு நேராக வைத்தால், குதிகால் எப்போதும் உள்பக்க எல்லையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து வெளியே வந்து கழல நெடுந்தூரம் திருப்ப வேண்டும், முழங்காலும் நோகும். ஷூவைக் கவிழ்த்துப் பிடித்து, கிளீட்டின் முன்முனை பெருவிரல் பக்கம் லேசாகச் சாயும்படி வையுங்கள். இப்போது பாதம் தன் இயல்பில் இருக்கும், கழலும் புள்ளியும் அருகில் வந்துவிடும். பாதம் நேராக உள்ளவர் நேராகவே வைக்கலாம். சீக்கிரம் கழலட்டும் என்று இயல்புக்கு மீறிச் சாய்த்தால் குதிகால் கிராங்கில் உரசும், இரண்டு மாதத்தில் முழங்கால் வலி வரும்.

போல்ட்டுக்கு 4 மி.மீ. ஆலன் கீ. மரையில் ஒரு துளி கிரீஸ். இரண்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் என்பது அளவு. அந்த இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் சாவியின் குட்டைப் பக்கத்தைக் குழியில் விட்டு நீளப் பக்கத்தைப் பிடித்து, கிளீட் ஷூவின் அடியில் லேசாகப் பதியும் வரை இறுக்கினால் சரியாக இருக்கும். முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி ஒரு தரம் இறுக்கியே ஆக வேண்டும். புது ஷூவின் அடி அமுங்குவதால் போல்ட் தளரும்.

ஸ்பிரிங்

கவ்வியின் பின்பக்கம் ஒரு சிறு திருகு தெரியும், அதற்கு 3 மி.மீ. ஆலன் கீ. இரண்டு பக்கக் கவ்வி உள்ள பெடலில் பக்கத்துக்கு ஒன்றாக மொத்தம் நான்கு திருகு. பலர் மேலே தெரியும் பக்கத்தை மட்டும் இளக்கிவிட்டு, ‘சில நேரம் சுலபமாக வருகிறது, சில நேரம் வரமாட்டேன் என்கிறது’ என்பார்கள். காரணம் இதுதான்.

இடஞ்சுழியாகத் திருகினால் இளகும், வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும். திருகும்போது ‘க்ளிக், க்ளிக்’ என்று கையில் தட்டும், அதை வைத்தே கணக்கு. பக்கத்தில் அளவு காட்டும் குறி இருக்கும், அது குறைந்த எல்லைக்கு வரும் வரை இளக்கி அங்கே நிறுத்துங்கள். அதற்கும் மேல் திருகினால் திருகு தகட்டை விட்டே வெளியே வந்துவிடும். நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

கவ்வியின் வாயில் சங்கிலி எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டே பெடலில் மாட்டியும் கழற்றியும் பாருங்கள். புதுப் பெடல் முதலில் விறைப்பாக இருக்கும், இப்படிப் பல தரம் செய்தால் பழகும். வழிந்த எண்ணெயைத் துணியால் துடைத்துவிடுங்கள், தூசு பிடிக்கும்.

ஓட்டத்தில் கால் தானாகக் கழன்றால் ஒரு க்ளிக் மட்டும் கூட்டுங்கள். அதையும் முதலில் வலது பெடலில் கூட்டுங்கள். இடது பெடல் எப்போதும் இளகியே இருக்கட்டும். நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள், நிற்கும்போது இடது காலைத்தான் ஓரத்தில் ஊன்றுகிறோம். வலப்பக்கம் சாய்ந்தால் பின்னால் வரும் வண்டியின் முன்னால்தான் விழுவோம்.

பழகுவது

முதல் பாடம் ஓடாத சைக்கிளில். கிராமத்து வீடாக இருந்தால் திண்ணைத் தூண் இதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும். சைக்கிளைத் திண்ணை ஓரம் நிறுத்தி ஏறி, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது காலை மட்டும் மாட்டி, பெடலைக் கீழே கொண்டுவந்து, குதிகாலை வெளியே வீசுங்கள். மேலே தூக்காதீர்கள். தொடையிலிருந்து திருப்புங்கள், கணுக்காலை மட்டும் முறுக்கினால் வராது. இதை ஐம்பது தரம் செய்யுங்கள். பிறகு வலது கால் ஐம்பது. பிறகு இரண்டையும் மாட்டிக்கொண்டு ஒன்றை மட்டும் கழற்றுங்கள். கீழே பார்க்காமல், யாரோடாவது பேசிக்கொண்டே செய்ய வரும்போது அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டாவது பாடம் புல்தரையில். பள்ளிக்கூட மைதானமோ அறுப்பு முடிந்து காலியாகக் கிடக்கும் களமோ போதும். லேசான கியர் போட்டு, இருபது முப்பது அடி ஓட்டி, நிற்க வேண்டிய இடத்தை முன்னாலேயே முடிவு செய்து நில்லுங்கள். வரிசை மாறக்கூடாது: கியரைக் குறை, காலைக் கழற்று, பிரேக் பிடி, கழற்றிய கால் பக்கம் உடம்பைச் சாய், ஊன்று. புதியவர்கள் விழுவதெல்லாம் பிரேக்கை முதலில் பிடித்துவிட்டு, சைக்கிள் நின்ற பிறகு காலைத் தேடுவதால்தான். இடது காலைக் கழற்றிவிட்டு வலப்பக்கம் சாய்ந்து விழுகிறவர்களும் உண்டு.

கழற்றிய காலைத் தொங்கவிட்டபடி போகாதீர்கள். பாதத்தின் நடுப்பகுதியைப் பெடல்மேல் வைத்து, கிளீட் கவ்வாமல் மெதுவாக மிதித்துக்கொண்டே போகலாம். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் நெருக்கடிச் சாலையில் பாதி பயம் போய்விடும்.

விழப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால் கையை நீட்டித் தரையைத் தாங்கப் பார்க்காதீர்கள், மணிக்கட்டும் கழுத்துப்பட்டை எலும்பும் அப்படித்தான் உடைகின்றன. ஹேண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாயுங்கள்.

நம் சாலையில்

குறுவை அறுப்புக் காலத்திலும் தை, மாசியில் சம்பா வீடு வரும்போதும் பாதிச் சாலை நெல் காயும் களமாகிவிடும். பாபநாசம் பக்கம் ஒரு அம்மா முறத்தோடு எழுந்து நின்று, “தம்பி, நெல்லுமேல ஏத்திடாதப்பா, அந்தாண்ட போ” என்பார். அந்தாண்ட போனால் எதிரே லாரி வரும். நெல்லைக் கண்ட தூரத்திலேயே இடது காலைக் கழற்றிவிடுங்கள், நடைவேகத்துக்கு வந்துவிடுங்கள். வைக்கோல் கிடந்தால் இன்னும் கவனம், டயர் வழுக்கும். அறுவடை இயந்திரம் ஏறி இறங்கிய இடத்தில் தார்மேல் சேறு அப்பியிருக்கும், அங்கேயும் இதேதான்.

ஆற்றங்கரைச் சாலைக்குத் தனிக் கவனம் வேண்டும். இடப்பக்கம் ஆறோ வாய்க்காலோ இருந்தால், தாரை விட்டு ஒரு சாண் தள்ளினாலே தரை சரிந்து இறங்கும். அங்கே இடது காலை ஊன்றப் போனால் கால் எட்டாது, ஆளும் சைக்கிளும் சரிவில் போக நேரும். அப்படிப்பட்ட இடத்தில் ஓரத்துக்கு ஒதுங்காமல், பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துத் தார்மேலேயே நில்லுங்கள், அல்லது வலது காலை ஊன்றுங்கள். இரண்டு காலையும் பழக்கச் சொன்னது இதற்காகத்தான். பாலத்து வாய், ரயில்வே கேட், கடைத்தெரு, தேரோடும் வீதி எதுவானாலும் ஊர்ப்பெயர்ப் பலகையைப் பார்த்ததும் ஒரு காலைக் கழற்றிவிடுவது நல்ல வழக்கம்.

சேறும் உப்பும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வண்டல் மண் கிளீட்டுக்கும் ஷூ ரப்பருக்கும் நடுவில் அப்பிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது கால் மாட்டாது. காய்ந்துவிட்டாலோ செங்கல்லாக இறுகி, மாட்டிய கால் கழலாது. இரண்டாவதுதான் ஆபத்து. இதற்குக் கம்பிப் பிரஷ்ஷெல்லாம் வேண்டாம், தென்னை ஈர்க்கு ஒன்று போதும். தடித்த பக்கத்தால் கிளீட்டின் முன்முனை, பின்முனை, இரண்டு விலா ஆகிய இடங்களில் மண்ணைக் கிளறி எடுங்கள். மெல்லிய நுனியை போல்ட் தலையின் அறுகோணக் குழிக்குள் விட்டுச் சுழற்றினால் உள்ளே அடைந்த மணல் வந்துவிடும். அந்தக் குழியில் மணல் இருக்கும்போது ஆலன் கீ முழுதாக உட்காராது, திருகினால் விளிம்பு தேய்ந்து போல்ட் பிறகு கழலவே கழலாது. நன்றாக இறுக்கிய பின் குழியில் மெழுகுவத்தி உருக்கி ஒரு சொட்டு விட்டுவிடுங்கள், மண் ஏறாது. கழற்ற வேண்டும்போது ஈர்க்காலேயே நோண்டி எடுத்துவிடலாம்.

மழையில் நனைந்த பெடலையும் கடற்கரைச் சாலையில் ஓடிவந்த பெடலையும் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஸ்பிரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய். துருப்பிடித்த ஸ்பிரிங் ஒரு நாள் விடும், ஒரு நாள் விடாது. கிளீட்டின் விளிம்பு மழுங்கி, கால் தானாகக் கழன்றாலோ, கழலும்போது முன்பு கேட்ட ‘டக்’ இல்லாமல் இழுத்துக்கொண்டு வந்தாலோ, ஸ்பிரிங்கை இறுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கிளீட்டை மாற்றுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட மோசமான கோளாறு. மன்னார்குடிப் பக்கம் ஒரு டீக்கடைச் சுவரைப் பிடித்தபடி ஒரு கல்லூரிப் பெண் சைக்கிள்மேலேயே நின்றிருந்தார். இடது குதிகாலை அவர் எவ்வளவு திருப்பினாலும் ஷூ மட்டும் சுழன்றது, கிளீட் அசையவில்லை. இரண்டு போல்ட்டில் ஒன்று எங்கோ கழன்று விழுந்துவிட்டது. ஒற்றைப் போல்ட்டில் ஷூ அச்சாணிமேல் சுற்றுவதுபோல் சுற்றும், கழற்றும் விசை கிளீட்டுக்குப் போகவே போகாது. இந்த நிலையில் காலை இழுத்துச் சண்டை போட வேண்டாம். எதையாவது பிடித்துக்கொண்டு நின்று, ஷூவின் பட்டையைத் தளர்த்தி, காலை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். ஷூ பெடலிலேயே தொங்கட்டும். பிறகு 3 மி.மீ. சாவியால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கைக் குறைந்த எல்லைக்கு இளக்கி, தட்டை ஸ்க்ரூடிரைவரால் கவ்வியின் பின்தாடையைப் பின்னால் நெம்பினால் ஷூ எழும்பி வந்துவிடும். டீக்கடைக்காரரிடம் ஸ்க்ரூடிரைவர் இருந்ததால் அன்று ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. மிச்ச தூரத்தை அவர் பெடலின் தட்டைப் பக்கத்தில் ஓட்டிப் போனார்.

ஆகவே சீட்டுக்கு அடியில் உள்ள பையில் 3, 4 மி.மீ. ஆலன் கீ, ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், உபரியாக இரண்டு கிளீட் போல்ட். கிளம்புமுன் இரண்டு ஷூவையும் கவிழ்த்து, கிளீட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் அங்கேயே இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.